வெளுப்பும் வீக்கமும்: தோட்டத் தமிழரின் கொக்கிப்புழு நோயும் குருதிப் புரதங்களும்

கடல் கடந்து தோட்டத் தொழிலாளராகச் சென்ற தமிழரின் வரலாற்றில் கூலி, கடன், கங்காணி முறை, குடியேற்றச் சட்டம் ஆகியவை விரிவாக ஆராயப்பட்டுள்ளன. அத்தொழிலாளரின் குடலில் உடன் சென்றதும், சென்ற இடத்தில் பன்மடங்கு பெருகியதுமான ஒரு சென்டிமீட்டர் நீளப் புழுவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது சிறிதே. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் பல்லாயிரம் தமிழரை வெளுக்கவும் வீங்கவும் மூச்சிரைக்கவும் செய்தது கொக்கிப்புழு. அதன் செயல் குருதியிலுள்ள புரதங்களின்மீது நிகழ்வது. எந்தப் புரதம், எவ்வளவு, எவ்வாறு குறைந்தது என்பதை அறிந்தால், அக்காலத் தோட்ட ஆவணங்கள் ‘மந்தம்’, ‘வலுவின்மை’ என்று குறித்தவற்றின் பொருள் வேறாகத் தெரியும்.

தமிழ்ச் சொல் வழக்கிலிருந்தே தொடங்கலாம். ‘சோகை பிடித்தவன்’ என்று பேச்சில் ஒருவரைச் சுட்டும்போது வெளிறிய முகம், ஊதிய உடல், தளர்ந்த நடை மூன்றும் சேர்ந்தே மனத்தில் எழுகின்றன. இன்றைய மருத்துவத் தமிழ் ‘இரத்தசோகை’ என்று அச்சொல்லைச் சுருக்கி, ஈமோகுளோபின் குறைவு என்னும் ஒரு பொருளுக்கே உரியதாக்கிவிட்டது. ஆனால் வெளுப்பும் வீக்கமும் ஒரே காரணத்தின் இரு தோற்றங்கள் அல்ல. வெளுப்புக்குரிய புரதம் ஈமோகுளோபின்; வீக்கத்தோடு தொடர்புடைய புரதம் ஆல்புமின். முன்னது செங்குருதியணுவுக்குள் அடைபட்டிருப்பது; பின்னது குருதிநீர்மமாகிய பிளாஸ்மாவில் கரைந்திருப்பது. கொக்கிப்புழு இரண்டையும் குறைக்கிறது, ஆயினும் ஒரே வழியில் அன்று.

புழுவும் அதன் வழியும்

மனிதரைப் பற்றும் கொக்கிப்புழுக்களுள் முதன்மையானவை இரண்டு. ஆன்கைலோஸ்டோமா டியோடினேல் என்பதை 1838இல் மிலான் நகரில் ஆஞ்செலோ டுபினி பிணஆய்வின்போது கண்டு, 1843இல் விளக்கி எழுதினார். நெகேட்டர் அமெரிக்கானஸ் என்பதை 1902இல் அமெரிக்காவின் சார்லஸ் ஸ்டைல்ஸ் தனி இனமாக விவரித்தார். அவ்வாண்டிலேயே நியூயார்க் நாளிதழ் ஒன்று இப்புழுவைச் ‘சோம்பலின் கிருமி’ என்று தலைப்பிட்டு எழுதியது. அமெரிக்கத் தென்மாநில ஏழை உழவரைக் குறித்து எழுந்த அந்தக் கேலிப்பெயரில் ஓர் உண்மையும் ஒளிந்திருந்தது: சோம்பல் எனப்பட்டது குணக்கேடன்று, நோய்.

புழு உடலுக்குள் நுழைவது வாய்வழி மட்டுமே என்று நெடுநாள் நம்பப்பட்டது. கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ், இளம்புழுக்கள் நிறைந்த நீர் தற்செயலாகத் தம் கைமேல் சிந்தியபோது அரிப்பு உண்டானதையும், சில வாரங்களில் தம் மலத்தில் முட்டைகள் தோன்றியதையும் கண்டு, அவை தோலைத் துளைத்தே நுழைகின்றன என்று 1898இல் அறிவித்தார். வெறுங்காலால் ஈரமண்ணை மிதிக்கும்போது விரலிடுக்கில் நுழையும் இளம்புழு, குருதியோட்டத்தில் நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்குகிறது. நுழைந்த இடத்தில் எழும் அரிப்பும் கொப்புளமும் சேற்றுப்புண் என்ற பொதுப்பெயருக்குள் அடங்கிப் போவதால் எவரும் அதைப் பெரிதாகக் கருதுவதில்லை.

நிழல், ஈரம், வெப்பம், கழிப்பிடமின்மை, வெறுங்கால் என்னும் ஐந்தும் கூடும் இடமே இப்புழுவுக்கு ஏற்ற நிலம். லயன் வரிசைகளுக்குப் பின்புறத்திலும் தேயிலை, ரப்பர் மரங்களின் அடியிலும் இவை ஐந்தும் கூடியிருந்தன. ஊரில் வெயிலில் காயும் புன்செய் நிலத்தில் சில புழுக்களோடு வாழ்ந்தவர், தோட்டத்தில் சில நூறு புழுக்களைச் சுமப்பவரானார். இலங்கையில் மிக உயர்ந்த குளிர்மலைத் தோட்டங்களைவிட இடைநிலை உயரத்திலும் தாழ்நிலத்திலும் இருந்த தோட்டங்களில் நோய் கடுமையாயிருந்ததற்கு, இளம்புழு வளர ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வெப்பம் வேண்டும் என்பதே காரணம்.

ஈமோகுளோபின் இழப்பின் கணக்கு

நெகேட்டர் புழு ஒன்றினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் குருதி இழக்கப்படுகிறது. ஆன்கைலோஸ்டோமா டியோடினேல் ஒன்றினால் 0.15 முதல் 0.2 மில்லிலிட்டர். புழு உறிஞ்சுவது மட்டும் இதற்குக் காரணமன்று. குருதி உறைவதற்கு இன்றியமையாத பத்தாம் காரணியைத் தடுக்கும் சிறுபுரதங்களை அது சுரக்கிறது. ஆதலின் அது பற்றியிருந்த இடத்தைவிட்டு வேறிடம் நகர்ந்த பின்னும் பழைய காயம் கசிந்துகொண்டேயிருக்கும். உறிஞ்சிய குருதியில் ஈமோகுளோபினைப் பல நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிச் செரிக்கின்றன; புழுவின் உணவு மனிதரின் புரதமே. அந்நொதி வரிசையில் முதல் வெட்டைச் செய்யும் நொதியைத் தடுப்பூசிக்கு இலக்காகக் கொள்ளும் முயற்சிகள் அண்மைக் காலத்தவை.

500 நெகேட்டர் புழுக்களைச் சுமக்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 15 மில்லிலிட்டர். மாதத்திற்கு 450 மில்லிலிட்டர். குருதிக்கொடையாளர் ஒருவர் ஒருமுறை தரும் அளவை இவர் மாதந்தோறும், விருப்பமின்றி, இடைவெளியின்றித் தந்துகொண்டிருக்கிறார். நல்ல நிலையில் 100 மில்லிலிட்டர் குருதியில் 15 கிராம் ஈமோகுளோபின் உண்டு. ஒரு கிராமில் 3.4 மில்லிகிராம் இரும்பு. எனவே 15 மில்லிலிட்டருடன் வெளியேறும் இரும்பு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். உணவிலிருந்து உடல் இயல்பாக ஏற்பது நாளுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராமே. குடலில் சிந்திய இரும்பின் ஒரு பகுதியைக் குடல் மீண்டும் ஏற்கிறது என்பதை வெனிசுவேலாவில் ரோச்சேயும் லைரிசேயும் கதிரியக்கக் குறியிட்ட செங்குருதியணுக்களைக் கொண்டு அளந்து, 1966இல் விரிவாக எழுதினர். அதைக் கழித்தாலும் கணக்கு நேராவதில்லை. சேமிப்பு இரும்பு தீர்ந்ததும் ஈமோகுளோபின் இறங்கத் தொடங்குகிறது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஈமோகுளோபின் 5 கிராமாகக் குறைந்தவரின் 15 மில்லிலிட்டர் குருதியில் இருக்கும் இரும்பு 2.5 மில்லிகிராமே. குறைபாடுற்ற உடல் இரும்பை ஏற்கும் திறனும் இதற்குள் கூடியிருக்கும். ஆகவே இழப்பும் வரவும் ஏதோவொரு தாழ்ந்த மட்டத்தில் சமமாகின்றன. மூன்றில் ஒரு பங்கு ஈமோகுளோபினோடு ஒருவர் சாகாமல், ஆனால் மலையேற இயலாமல், ஆண்டுக்கணக்கில் வாழ்வது இவ்வாறுதான். நெகேட்டர் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை குடலில் வாழக்கூடியது. கூடை சுமந்து சரிவில் ஏறும் பெண் நடுவழியில் நின்றுவிட்டால், மேற்பார்வையாளரின் கண்ணுக்குப் பட்டது அவள் நின்றது மட்டுமே.

ஆல்புமினும் வீக்கமும்

கல்லீரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் ஆல்புமின் ஆக்குகிறது. 100 மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் 3.5 முதல் 5 கிராம் ஆல்புமின் இருக்கும். குருதிக்குழாய்க்குள் நீரைப் பிடித்துவைக்கும் கூழ்ம அழுத்தத்தின் பெரும்பகுதி, அதாவது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, இப்புரதத்தால் அமைவது. ஆல்புமின் மிகக் குறையும்போது நீர் திசுக்களுக்குள் கசிகிறது. காலும் முகமும் வீங்குகின்றன.

புழுவால் வெளியேறும் ஆல்புமினை மேற்சொன்ன முறையில் கணக்கிட்டால் வியப்பான விடை கிடைக்கிறது. இயல்பான குருதியின் 15 மில்லிலிட்டரில் பிளாஸ்மா 8.25 மில்லிலிட்டர், அதில் ஆல்புமின் சற்றேறக்குறைய 0.33 கிராம். சோகை முற்றிய பின் செங்குருதியணுக்கள் குறைந்துவிடுவதால் அதே 15 மில்லிலிட்டரில் பிளாஸ்மா 12.75 மில்லிலிட்டராகிறது, ஆல்புமின் இயல்பளவில் இருப்பதாகக் கொண்டால் 0.5 கிராம் வெளியேறும். நோய் முற்ற முற்ற, சிந்தும் ஒவ்வொரு துளியிலும் இரும்பு குறைகிறது, பிளாஸ்மா கூடுகிறது. ஆயினும் அரை கிராம் இழப்பு 10 கிராம் ஆக்கும் கல்லீரலுக்கு ஒரு சுமையே அன்று. குடலில் சிந்திய புரதம் செரித்து அமினோ அமிலங்களாக மீண்டும் உட்செல்லவும் கூடும்.

பின்னர் ஏன் வீக்கம்? மூன்று காரணங்களைச் சொல்லலாம். கனத்த தொற்றில் புழுக்கள் பற்றிய இடங்களில் மட்டுமன்றி, அழன்ற குடற்சவ்விலிருந்தும் பிளாஸ்மா கசிகிறது. குடல்வழிப் புரதக்கசிவை அளக்கக் குறியிட்ட மூலக்கூறு ஒன்றைக் குருதியில் செலுத்தி மலத்தில் தேடும் முறையை 1959இல் ராபர்ட் கார்டன் வகுத்த பிறகே இத்தகைய இழப்புகள் எண்ணளவில் தெரியவந்தன. அடுத்து, நெடுநாள் சோகையில் உடல் உப்பையும் நீரையும் தேக்கிப் பிளாஸ்மாவின் பருமனைப் பெருக்குகிறது. இருக்கும் ஆல்புமின் நீர்த்துப் போகிறது. மிகுந்துழைக்கும் இதயமும் ஒரு கட்டத்தில் தளர்கிறது. மூன்றாவது காரணமே தோட்ட வரலாற்றுக்கு மிக நெருக்கமானது. கல்லீரல் இழப்பை ஈடுசெய்ய வேண்டுமாயின் உணவில் புரதம் வேண்டும்.

இலங்கைத் தோட்டங்களில் அரிசி தோட்டத்தின் வழியே வழங்கப்பட்டு, அதன் விலை கூலிக் கணக்கில் பிடிக்கப்பட்டது. 100 கிராம் அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 கிராம். அதிலும் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு அக்குறையை நிரப்பும், கருவாடும் நிரப்பும். கடன் தீராத குடும்பத்தில் முதலில் குறைவது இவ்விரண்டுமே. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும் வரை, கடன் தொழிலாளியோடு ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்குத் தாளிலேயே மாறிச் சென்றது. இந்நிலையில், வெளுப்பு புழுவின் எண்ணிக்கையைச் சொன்னதென்றால், வீக்கம் புழுவோடு தட்டின் நிலையையும் சேர்த்துச் சொன்னது. ஒரே அளவு புழுவைச் சுமந்த இருவரில் ஒருவர் மட்டும் வீங்கியதன் விளக்கம் பெரும்பாலும் அடுப்படியில்தான் கிடைக்கும்.

மறைக்கும் எண்கள்

ஆல்புமின் குறையும்போதே பிளாஸ்மாவின் மற்றொரு புரதத் தொகுதியாகிய குளோபுலின் பெருகுகிறது. ஒட்டுண்ணியை எதிர்க்க உடல் ஆக்கும் எதிர்ப்பொருள்கள் இத்தொகுதியைச் சேர்ந்தவை. அவற்றுள் ஐஜிஇ என்பது புழுத்தொற்றில் தனிச்சிறப்பாக உயர்வது. நலமுள்ளவரின் குருதியில் மிக அற்பமாக இருப்பதால் 1960களின் பிற்பகுதி வரை அதன் இருப்பே அறியப்படவில்லை. ஆல்புமின் இறங்க, குளோபுலின் ஏற, இரண்டின் கூட்டுத்தொகை இயல்பெல்லையாகிய 6 முதல் 8 கிராமுக்குள் அடங்கிவிடலாம். மொத்தப் புரதத்தை மட்டும் அளந்த மருத்துவர் ‘குறையில்லை’ என்று எழுதியிருக்கக்கூடும். 1937இல் டிசேலியஸ் மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும் முறையை வெளியிட்டு, பின்னர் அதன் எளிய தாள்வடிவம் மருத்துவமனைகளுக்கு வந்த பிறகே இத்தலைகீழ் விகிதம் தெளிவாகக் கண்ணுக்குப் புலனாயிற்று.

இன்றைய ஆய்வகத்திலும் இத்தகைய மறைப்பு உண்டு. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்பெரின் என்னும் புரதம் இரும்புக் குறைவில் உயர வேண்டும். ஆனால் அதுவும் கல்லீரல் ஆக்கும் புரதமே. உணவுப் புரதம் குன்றியவரிடம் அது உயராமல் நின்றுவிடும். சேமிப்பு இரும்பைக் காட்டும் பெரிட்டின், அழற்சி இருந்தால் பொய்யாக உயரும். தோட்டத் தொழிலாளரின் குருதியில் இரும்புக் குறைவு, புரதக் குறைவு, அழற்சி மூன்றும் ஒருங்கே இருப்பதால், ஒற்றை எண்ணை வைத்து நோயை அளப்பது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

எண்ணெய், பேதி உப்பு, ஒருநாள் கூலி

1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டு நலவாரியம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மாத்தளைப் பகுதித் தோட்டங்களே முதற்களம். சோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்று இருந்தது. அதே காலத்தில் டார்லிங், பார்பர், ஹேக்கர் ஆகிய மூவர் மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் ஆராய்ந்து 1920இல் அறிக்கை வெளியிட்டனர். வெளியேறிய புழுக்களை எண்ணி, ஈமோகுளோபினோடு ஒப்பிட்டமை அவர்களின் ஆய்வுக்குத் தனி மதிப்பளிக்கிறது. அறிக்கையின் தலைப்பிலேயே கொக்கிப்புழுவும் மலேரியாவும் இணைந்து நிற்கின்றன. செங்குருதியணுவை அழிக்கும் மலேரியாவைப் பிரித்தறியாமல் ரப்பர்த் தோட்டத்தின் சோகையை விளக்க இயலாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். சென்னை மாகாணத்தில் மஸ்கர் நடத்திய கொக்கிப்புழு விசாரணையும் அவரும் கேயசும் சேர்ந்து புழுநீக்கி மருந்துகளை ஒப்பிட்ட ஆய்வுத் தொடரும் இதே ஆண்டுகளைச் சேர்ந்தவை. புலம்பெயர்ந்தோரின் நோயையும் அவர்களின் தாய்நிலத்தின் நோயையும் ஒருசேர ஆராய விரும்புவோர் இம்மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அன்றைய மருந்து கீனோபோடியம் எண்ணெய். அதை விழுங்கியபின் பேதி உப்பு. குமட்டல், தலைசுற்றல், வேலைக்குச் செல்ல இயலாத ஒரு நாள். அந்நாளின் கூலியை யார் தருவது என்பது தோட்டத்துரைகளுக்கும் இயக்கத்தினருக்கும் ஓயாத பூசலாயிற்று. நச்சுத்தன்மை மிகுந்த அம்மருந்தால் உயிரிழப்புகளும் நேர்ந்ததுண்டு. தொழிலாளர் அஞ்சி ஒளிந்ததை அறியாமை என்று கொள்வது நேர்மையாகாது. பின்னர், இலங்கைக்குச் செல்வோருக்கு மண்டபம் முகாமிலேயே மருந்து தரப்பட்டது. ஆனால் கழிப்பிடமற்ற லயன்களில் மீண்டும் புழு ஏறியது. கழிப்பிடம் கட்டும் செலவு தோட்டத்தின் கணக்கில் விழுவது. எண்ணெயின் செலவு அவ்வாறன்று. எது விரைந்து நடந்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

அவ்வியக்கத்தின் அளவுகோலிலும் ஒரு குறை இருந்தது. தொற்றுடையோர் விழுக்காட்டையே அது பெரிதும் எண்ணியது. 20 புழு உடையவரும் 500 புழு உடையவரும் அப்பட்டியலில் ஒன்றே. 1923இல் நார்மன் ஸ்டோல் முட்டைகளை எண்ணிப் புழுச்சுமையை மதிப்பிடும் முறையை அளித்தபின் அளவுகோல் திருந்தியது. ஈமோகுளோபின் பற்றிய தெளிவு 1930களில் போர்ட்டோ ரிக்கோவில் கிடைத்தது. அங்கே புழுவை நீக்காமல் இரும்பை மட்டும் கொடுத்தபோதும் குருதி விரைந்து தேறியது. புழுவை மட்டும் நீக்கியபோது மெல்லவே தேறியது. மருந்து இழப்பை நிறுத்தும். இழந்ததைத் திருப்பித் தருவது இரும்பும் உணவுமே. ஒருநாள் பேதியால் புழு நீங்கிய தொழிலாளி மறுவாரமும் அதே அரிசியை உண்டு மலையேறியபோது, ‘மருந்து கொடுத்தும் திருந்தாதவர்’ என்ற பழி அவர்மேல் விழ வழியிருந்தது.

இன்று 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று அந்த எண்ணெயின் இடத்தைப் பிடித்துள்ளது. 2001இல் உலக நலப் பேரவை பள்ளிச் சிறாருக்கு முறையான புழுநீக்கத்தை இலக்காக்கியது. இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படுபவை உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும். கொக்கிப்புழுவின் சுமையோ வயதோடு ஏறிப் பெரியோரிடம் உச்சம் தொடுவது. கொழுந்து பறிக்கும் பெண், அதிலும் கருவுற்றவர், பள்ளிக்கூட வாசலில் வழங்கும் மாத்திரைக்கு எட்டாதவர். மாதவிடாயாலும் மகப்பேற்றாலும் முன்னரே இரும்பு இழந்தவருக்கு, 50 புழுக்கூட ஓர் ஆணுக்கு 200 புழுவுக்கு நிகராகலாம்.

நூலகங்களில் காக்கப்படும் தோட்ட மருத்துவப் பதிவுகளையும் இறப்புப் பதிவேடுகளையும் பயன்படுத்துவோர்க்கு இதிலிருந்து ஒரு நடைமுறைச் செய்தி உண்டு. அவற்றில் வலுவின்மை, நீர்க்கோவை, சோகை, வயிற்றுப்போக்கு, ஆன்கைலோஸ்டோமியாசிஸ் என்பன தனித்தனித் தலைப்புகளாக நிற்பதைக் காணலாம். வீங்கி இறந்தவர் ஒரு கட்டத்திலும், வெளுத்து இறந்தவர் மற்றொரு கட்டத்திலும், இரண்டும் இன்றித் தளர்ந்து இறந்தவர் மூன்றாவதிலும் எழுதப்பட்டிருப்பர். புழுவின் பெயருக்கு எதிரே உள்ள எண்ணை மட்டும் எடுத்துக் கூட்டுவோர் நோயின் ஒரு துண்டையே எண்ணியவராவர். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் இதே தலைப்புகளுக்குள் கலந்திருப்பதால் அனைத்தையும் புழுவின் கணக்கில் ஏற்றுவதும் தகாது. அவ்வாண்டின் அரிசி விலையையும், தோட்டத்தின் உயரத்தையும், கழிப்பிடம் கட்டப்பட்ட ஆண்டையும் அப்பதிவேட்டின் அருகே வைத்துப் பார்க்கும்போது, நீர்க்கோவை என்று எழுதப்பட்ட வரிகளில் எவை ஆல்புமினின் வீழ்ச்சியைக் குறித்தவை என்பதை ஓரளவு பிரித்தறியலாம்.